கல் கழுவிய தண்ணீர்

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் என் லாத்தா, அதாவது என் கூடப்பிறந்த மூத்தவள், இரண்டரை மாதம் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று இன்று சொல்வேன். அன்று கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்போது எனக்கு வாய் இன்னும் நீளம்.

கடலூரில் செம்மண்டலத்துக்கு மேற்கே, கெடிலக் கரையில் இருந்த எங்கள் நிலத்தைத் தோண்டி என் வீட்டுக்காரர் கூழாங்கல் எடுத்து ரோடு வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மண் ஒட்டிய கல்லை ஓவர்சியர் அப்படியே வண்டியோடு திருப்பிவிடுவார். அதனால் ஆற்றில் குழாய் போட்டு, ஆயில் இன்ஜினால் தண்ணீர் இறைத்து, சல்லடையில் கொட்டிய கல்லைக் கழுவுவார்கள். கழுவிய சிவப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி உப்பங்கழியில் போய் விழும். அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. அழுக்குத் தண்ணீர், போனால் போகட்டும் என்றுதான் இருந்தோம்.

லாத்தா வீடு எங்கள் பள்ளத்திலிருந்து கூப்பிடு தூரம், ஆறு ஓடுகிற திசையில். அவள் வீட்டில் ஓர் உறைக்கிணறு, வட்ட உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கியது. ஆற்று மணலில் ஊறி வருகிற தண்ணீர்தான் அதற்கு ஆதாரம். கோடையில் ஆறே இளைத்து ஓர் ஓடையாகத்தான் போகும். அந்த ஓடையையும் எங்கள் இன்ஜின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பங்குனியில் கிணற்றில் மேலிருந்து ஐந்தாவது உறை தெரிந்தது. சித்திரையில் ஏழாவது. அதற்கும் கீழே இருந்தவை இரண்டே உறைகள்.

அந்த நேரம் பார்த்து லாத்தாவின் ஒரே மகள், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஏழு மாத வயிற்றோடு தாய்வீடு வந்திருந்தாள். தலைப்பிரசவம். லாத்தாவின் வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்தார். பெண்ணை வைத்துப் பார்க்க லாத்தா ஒருத்திதான். பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். கிணறு வற்றினால் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாமல் அனுப்பிவிட்டாள் என்ற பேச்சை லாத்தா ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் அவளே வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஒன் வீட்டுக்காரருகிட்ட சொல்லி இன்ஜின மூணு மாசம் நிறுத்தச் சொல்லுடி. எம்பொண்ணு நல்லபடியா பெத்து எழுந்துக்கட்டும்."

"முப்பது குடும்பம் இத நம்பிக் கஞ்சி குடிக்குது லாத்தா. ஒரு பிரசவத்துக்காக நிறுத்த முடியுமா?" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவள் டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "ஆத்துல எடுக்குறத எடுத்துக்குங்க மச்சான். கழுவுன தண்ணிய ஏன் கழிக்கு உடுறீங்க? வேல முடிஞ்ச பழைய பள்ளம் லாத்தா வீட்டுப் பக்கம் சும்மாத்தானே கெடக்குது. அதுல உட்டா உள்ள எறங்கி அவுங்க கெணத்துக்குப் போவுமில்ல? ஆத்துல எடுத்தத பூமிக்கிட்ட திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கும்."

"ஒன்ன இன்ஜினியருக்குப் படிக்க வெச்சிருக்கணும்" என்று சிரித்தார். ஆனாலும் அன்றைக்கே வாய்க்காலைத் திருப்பிவிட்டார்.

ஐந்தே நாளில் பள்ளம் தளும்பி நின்றது. கொக்கு வந்து இறங்கியது. கல் கழுவும் பெண்கள் எல்லாரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நிற்கிற தண்ணீரைக் கண்டால் போதும், வயிறு குளிர்ந்துவிடும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லாத்தாவுக்கு ஆள் அனுப்பி, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன்.

வந்தாள். கரையிலிருந்து தண்ணீரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எட்டாவது ஒறையும் தெரியுதுடி. நீ தண்ணிய காட்டுறே. குடுக்கல."

அதுதான் கடைசிப் பேச்சு. அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயில் ஏறிவிட்டாள். எனக்குச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்தும் இப்படிப் பேசுகிறாளே என்று வீட்டில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். பிறகு, பள்ளத்துத் தண்ணீர் ஏன் கிணற்றுக்குப் போகவில்லை என்ற கேள்வி குடைய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக இன்ஜினை நிறுத்தி எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் நான் அங்கே போக அது ஒன்றுதான் நேரம். போர்த்தியிருந்த துப்பட்டியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் இறங்கினேன். இரண்டாவது அடியிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கையை ஊன்றினால் வெண்ணெய் மாதிரி சேறு. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே அதை வழித்துவிட்டு அடியில் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் மணல் பொலபொலவென்று காய்ந்து கிடந்தது. பக்கத்திலேயே முழங்கால் அளவு தண்ணீர், இங்கே காய்ந்த மணல்! ஒழுகுகிற பானைக்குக் களிமண் அப்பி அடைப்போமே, அதைத்தான் இத்தனை நாளும் செய்திருக்கிறோம். கல்லில் இருந்த மண்ணையெல்லாம் கழுவிக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் அடியை மெழுகி வைத்திருந்தோம்.

நனைந்த துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் இல்லாதது வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு நிம்மதி கிடையாது. பள்ளத்துக்கு முன்னால் இன்னொரு சின்னக் குழி வெட்டச் சொன்னேன். கலங்கல் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வண்டல் அடியில் தங்க வேண்டும். தெளிந்தது மட்டும் மேலாக வழிந்து பெரிய பள்ளத்துக்குப் போக வேண்டும். பெரிய பள்ளத்தை வற்றவிட்டுச் சேற்றை மண்வெட்டியால் சுரண்டி எடுத்தோம். அதோடு விடவில்லை. வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மத்தியானம், கல் கழுவும் பெண்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நானே நின்று சுரண்டினேன். இப்போது பள்ளத்தில் தண்ணீர் நிற்கவே இல்லை. விட்டதெல்லாம் மணலுக்குள் போயிற்று. கொக்கும் வரவில்லை. பார்க்கிறவர்கள், "என்னாம்மா, கொளம் வத்திப்போச்சே" என்று துக்கம் விசாரித்தார்கள்.

லாத்தா வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருந்தது. வாங்கித் திறந்து தினமும் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். பதினோரு நாள் ஒன்றுமில்லை. பிறகு எட்டாவது உறை நனைந்தது. ஒரு மாதத்தில் ஆறாவது உறையும் முழுகியது. பெரிய மழை எதுவும் பெய்யவில்லை. ஆனால் லாத்தாவின் பேரன் சிதம்பரத்தில் பிறந்துவிட்டிருந்தான்.

பிள்ளையைப் பார்க்கப் போனேன். சம்பந்தி வீட்டுக் கொல்லையில் கிணற்றடியில் வாளியோடு நின்றிருந்தாள் லாத்தா. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தும் முகத்தைத் திருப்பவில்லை.

"ஒவ்வொரு வாளிக்கும் அவுங்கள கேட்டுக் கேட்டு மொள்ளுறேன்டி" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்லவுங்கதான். ஆனா கேக்கணும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் ரயில் ஏறியிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"நம்ம கெணத்துல தண்ணி வந்துடுச்சு லாத்தா. மூணு ஒற. நான் தெனம் பாக்குறேன். பச்ச ஒடம்புக்காரிய மெதுவா கூட்டிட்டு வா. நாப்பதாவது நாளு தண்ணி அங்க ஊத்துவோம்."

சம்பந்தி அம்மா பெருந்தன்மையாக அனுப்பி வைத்தார்கள். நாற்பதாம் நாள் காலையில் கிணற்றடியில் பெண்ணை உட்கார வைத்து லாத்தா இறைத்து இறைத்து ஊற்றினாள். பெண் குளித்து எழுந்து உள்ளே போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். என் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். தரையெல்லாம் ஓடியது.

"போதும் லாத்தா, கெணறு வத்திடப் போவுது" என்றேன்.

"வத்தட்டும்டி" என்றாள், அடுத்த வாளியை உள்ளே விட்டபடி. "நீ ரொப்பிக் குடு."