வெளியே ஏழு, உள்ளே பத்தொன்பது

மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் காதுக்கல் அக்கா என்று பெயர். மீனின் தலைக்குள், காதுப் பகுதியில், மிளகளவு கல் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு வளையமாக அது வளரும். வளையத்தை எண்ணினால் வயது. பெற்ற மகளுக்கு என்ன வயது என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுவாள். செத்த மீனுக்குக் கேட்டால் பட்டென்று சொல்வாள். அவள் சொல்லும் வயதை வைத்துத்தான் ஏரியில் வருடத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவாகும்.

ஒவ்வொரு கல்லையும் இருவர் தனித்தனியே எண்ண வேண்டும் என்பது விதி. அவளும் சக ஊழியரான கண்ணாடிக்காரரும் பதினெட்டு வருடமாக எண்ணினார்கள். பேசி வைத்தாற்போல ஒரே விடை வந்தது. அதில் இருவருக்கும் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, இடுக்கியிலிருந்து நழுவிய கல் ஒன்று இரண்டாக உடைந்தது. தூக்கிப்போட மனம் வராமல், உடைந்த முகத்தைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். மேலிருந்து பார்த்தபோது ஏழு வளையம், உள்ளே பத்தொன்பது. மீனுக்கு வயது ஏறியபின் கல் அகலத்தில் வளராமல் தடிக்க மட்டும் செய்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்குப் பிந்தைய வளையங்கள் தெரிவதில்லை. மாலைக்குள் முப்பது கற்களை அறுத்துப் பார்த்துவிட்டாள். சின்ன மீன்களின் வயது சரி. பெரியவை எல்லாம் கிழங்கள்.

மெதுவாக வளரும் மீனைச் சீக்கிரம் வளர்வதாக நம்பி ஊரே அள்ளிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க, தன் பதினெட்டு வருட உழைப்பு தப்பு என்று அவளே சொல்லியாக வேண்டும்.

“ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானேம்மா எண்ணினோம்?” என்றார் கண்ணாடிக்காரர், பரிதாபமாக.

“ஆமா சார். ஒரே மாதிரி தப்பா எண்ணியிருக்கோம். அதுக்குப் பெருமை வேற.”

“ரிட்டயர் ஆக எனக்கு நாலு மாசம்தான் இருக்கு.”

“மீனுக்கு அது தெரியாதே சார்.”

இயக்குநர் நல்லவர். அறிக்கையில் ‘முறை மேம்படுத்தப்பட்டது’ என்று போட்டால் யார் தலையும் உருளாது என்றார்.

“அப்படிப் போட்டா பழசும் சரி, புதுசும் சரின்னு ஆயிடும் சார். எது வசதியோ அதைப் புடிச்சுக்குவாங்க” என்றாள் அவள். ‘முந்தைய வயதுகள் தவறு’ என்று எழுதி, எண்ணியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். கண்ணாடிக்காரர் ஒரு நாள் முழுக்க முறைத்துவிட்டு, பேனாவை வாங்கித் தன் பெயரையும் கீழே எழுதினார்.

பிடிக்கலாம் என்ற அளவு பாதியானது. படகு வைத்திருக்கும் அவள் தம்பி நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டான்.

“ஏன்க்கா, ஒரு கல்லு உடைஞ்சதுக்கா என் வலையைச் சுருட்டச் சொல்ற?”

“முதல்ல இதுல கண்ண வை. பார்த்துட்டு அப்புறம் திட்டு.”

அவன் ஒற்றைக் கண்ணை மூடி, உதடு அசைய எண்ணினான். இருபத்திரண்டில் நின்றான்.

“என் மூத்த பையனை விட வயசுல பெரிசா இருக்கே!”

“நாலு வருஷம் பெரிசு.”

அவன் மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

“இன்னொரு கல்லு வைக்கா” என்றான். “திட்டுறதை நாளைக்கு வெச்சுக்கிறேன்.”