நடந்தால் போதும்

மாடிப்படி

பாதிப் படியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அந்த அம்மா மேலே பார்த்து என்னை வைதுகொண்டிருந்தார். முட்டி தேய்ந்தவளை மாடியில் ஏற்றித்தான் வைத்தியம் பார்ப்பாயா என்பது சாரம். பிசியோதெரபி என்பது, மாடி ஏறக் கூடாது என்று சொல்வதற்காக ஒருவரை மாடி ஏறி வரச் சொல்லும் தொழில். கீழே மருந்துக்கடை, மேலே நான். ராஜபாளையத்தில் காலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலையிலும் பார்க்கிறேன். இரண்டு ஊரிலும் படிகள்தான். இதைப் படிக்கிற உங்களுக்கும் எங்காவது ஒரு வலி இருக்கும். கழுத்தைத் தொங்கப்போட்டுப் படிக்கிறீர்கள் என்றால் இனிமேல் வரும். ஆகவே கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அந்த அம்மா கூமாப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். தென்னந்தோப்பு, மாடி வைத்த வீடு, ஒரே மகன். மாடியில் தேங்காய் காயப்போட ஏற முடியவில்லை என்பது அவருடைய முதல் குறை. மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்பது இரண்டாவது. நான் இறங்கிப்போய்க் கையைக் கொடுத்தேன். அப்போது கீழேயிருந்து ஒரு பெண், எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி எங்களைக் கடந்து போனாள். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவருடைய மகள். அந்த அம்மா வைவதை நிறுத்திவிட்டு, மேலே மறைகிற அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு வீட்டுப் பிள்ளைம்மா அது? காலு எம்புட்டு உரமா இருக்கு."

விசில்

உள்ளே படுத்திருந்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இப்போது ஒரு மில் வாசலில் காவல் இருக்கிறார். வேலை நேரம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், எதையாவது எடுக்கக் குனியும்போது முட்டியை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் "சரி மேடம்" என்று படுத்தபடியே விறைப்பாகச் சொன்னார். வலித்தால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள் என்றபோது மட்டும் சிரித்தார். வலித்த பிறகுதான் பயிற்சியே ஆரம்பிக்கிறது என்று படையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம்.

மகள் பெயர் மாரீஸ்வரி. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது உடல்தகுதி. விடிவதற்கு முன்னால் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் விசிலோடு இவர் நிற்க, அவள் ஓடுகிறாள். தாய் இல்லாத பிள்ளை. கூமாப்பட்டி அம்மா மருந்துக்கடையில் விசாரித்து, முட்டிவலியோடு இவர் வீடு தேடிப் போய்ப் பெண் கேட்டிருந்தார். நல்ல குடும்பம், பையனுக்கும் கெட்ட பழக்கம் கிடையாது. இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்: இந்தத் தேர்வில் தேறினால் பயிற்சி முடியும்வரை கல்யாணப் பேச்சு இல்லை. தேறாவிட்டால் ஆவணியில் முகூர்த்தம். பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டுல ஒண்ணு மேடம். காக்கி, இல்லேன்னா பட்டு."

கரண்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை நேரத்தில் ஒருவர் வருவார். பால்கோவா கிண்டுகிறவர். வலது தோள் தூக்க முடியாமல் போய்ச் சட்டையைக்கூட மனைவிதான் மாட்டிவிடுகிறார். அடுப்பின் உயரம் அவருக்குச் சரியில்லை. கரண்டியோ அவர் கையைவிட நீளம். ஒரு பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள், கையை மாற்றி மாற்றிக் கிண்டுங்கள், நடுவில் செத்த நேரம் ஓய்வு கொடுங்கள் என்றேன். பலகை போடலாம், கை மாற்றலாம், ஓய்வு மட்டும் முடியாது என்றார். கரண்டி நின்றால் பால் அடிப்பிடித்துவிடும்.

இந்தத் தொழிலில் கையை நிறுத்தச் சொல்வது எளிது. நிறுத்தினால் எது அடிப்பிடிக்கும் என்பது அவரவருக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சட்டி அடுப்பில் இருக்கும். வலி எப்போது அதிகம், கிண்டும்போதா, தூங்கும்போதா என்று கேட்டேன். தோளை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு யோசித்தார்.

"கிண்டுறப்ப தெரியாதும்மா. நிறுத்துனாத்தான் தெரியும்."

ரெண்டு

மாரீஸ்வரி ஒருநாள் அப்பா இல்லாமல் வந்தாள். அன்றைக்குப் படிகளைத் தாவவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் லேசாக வலிக்கிறது, களிம்பு எழுதிக்கொடுங்கள் போதும் என்றாள். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்பது எங்கள் வழக்கம். இந்த ஊரில் அதற்கு ஒழுங்கான பதில் வராது. உயிர் போகுது என்பார்கள், பரவாயில்லை என்பார்கள். இவள் உடனே ரெண்டு என்றாள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அப்படித்தான், எந்தக் கேள்விக்கும் ஒரு விடை வைத்திருப்பார்கள்.

எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அவள் கால்விரல்கள் சுருண்டன. முகம் மட்டும் மின்விசிறியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. அதே இடத்தில் மறுபடியும் அழுத்தினேன். ரெண்டுதான் அக்கா என்றாள். அந்த ஒற்றைக் காலில் ஒரு தடவை குதிக்கச் சொன்னேன். குதித்தாள், இறங்கும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

ஓடி ஓடி எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை ஓடவே கூடாது என்றேன். ஓடினால் முழுசாக முறியும் என்பதையும் சொன்னேன். தேர்வு நெருங்கிவிட்டது, இப்போது நிறுத்தினால் ஆவணிதான் என்றாள். அப்பாவிடம் நான் பேசட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். வலிக்கிறது என்று சொன்னால் அவர் இன்னொரு சுற்று ஓடச் சொல்வார், அவ்வளவுதான் என்றாள். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கதவருகே போனவள் நின்று, ஏதோ கணக்குப் போட்டு முடித்தவள்போலச் சொன்னாள்.

"முறிஞ்சாலும் ஆவணிக்குக் கல்யாணம் நடக்காதுல்லக்கா."

மணல்

ஓட்டத்தில் தேறிவிட்டாள். மறுநாள் நீளம் தாண்டுதல். ஓடி வந்து பலகையை மிதித்தபோது சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னாள், காய்ந்த விறகை முறிக்கிற மாதிரி. மணலில் விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அப்பா வாசலில் நின்றிருந்தார். இரண்டு பெண் காவலர்கள் தோளுக்கு ஒருவராக அவளைத் தாங்கிக் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் மணல். இரண்டு பக்கமும் காக்கி.

மாவுக்கட்டுப் போட்ட பிறகு, ஊன்றுகோலில் நடக்கப் பழக்குவதற்காக வீட்டுக்கு வரச் சொல்லி அவரே கூப்பிட்டார். எப்போதிருந்து வலி இருந்தது என்று என்னிடம் கேட்டார். நான் மாரீஸ்வரியைப் பார்த்தேன். முன்னாலேயே லேசா இருந்துச்சுப்பா என்று அவளே சொன்னாள். அவர் சுவரில் தொங்கிய விசிலை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த தாளைக் காட்டினார்.

"ஓட்டத்துல தேறிட்டா மேடம். அதையும் எழுதிக்கோங்க."

ஒத்தடம்

கூமாப்பட்டி அம்மா அவருக்குரிய நாளுக்கு முன்பே வந்துவிட்டார். அன்றைக்கு வையாமல் படியேறியதிலேயே, செய்தி அவருக்கு எட்டிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு முட்டியிலும் சூட்டுப் பையைக் கட்டிப் படுக்கவைத்தேன். பிறகு, அந்தப் பிள்ளை நொண்டுமா என்று கேட்டார்.

இன்னொருவருடைய காலைப் பற்றி உங்களிடம் பேசமாட்டேன், உங்கள் காலைப் பற்றி அவர்களிடமும் பேசமாட்டேன் என்றேன். அது நியாயம்தான் என்றார். ஊரில் நாலு பேர் வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்களாம். மகனும் யோசிக்கிறானாம். இவர்தான் முடியாது என்று சொல்லிவிட்டார். கால் முறிந்த பிள்ளையை நட்டாற்றில் விட்டுவிட்டு வேறு பெண் பார்த்தால் அந்தப் பாவம் தன் முட்டியோடு போகாது என்றார். உண்மையாகவே சொன்னார். கண் கலங்கியிருந்தது. நல்லவர்களிடமிருந்து தப்பிப்பதற்கு எந்தப் பயிற்சியும் எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. சூட்டுப் பையை அவிழ்த்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அவசரமில்ல தாயி. அவ நடந்து வரட்டும், நாங்க எங்க போயிரப்போறோம்."

துண்டு

கட்டுப் பிரித்த காலை முதல்முறை பார்க்கிறவர்கள் பேசமாட்டார்கள். சதை வற்றி, தோல் உரிந்து, யாருடைய காலோ போல இருக்கும். மாரீஸ்வரி தன் காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். தரையில் ஒரு துண்டை விரித்து, கால்விரல்களால் அதைச் சுருட்டி இழுக்கச் சொன்னேன். படிகளைத் தாவிய கால் ஒரு துண்டை இழுக்க வேர்த்தது.

மாதங்கள் இப்படிப் போயின. ஆவணி போய்விட்டது, தையில் வைத்துக்கொள்ளலாம், கால் சரியானதும் நாள் குறிக்கலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசியிருந்தார்கள். அவளுக்கு வயது இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வந்தால் மறுபடியும் எழுதலாம். ஆகவே என்னிடம் ஒரே காலைப் பற்றி இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போது ஓடலாம் என்று மகள், அப்பா வெளியே போன நேரத்தில். எப்போது சரியாகும் என்று அப்பா, மகள் செருப்பு மாட்டுகிற நேரத்தில். கால் தேறத் தேற அவள் முகம் வாடியது. இப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அவரை உட்காரவைத்துப் பேசினேன். எலும்பு கூடியிருக்கிறது, ஆனால் ஓடுவதற்கு இன்னும் நாளாகும், அடுத்த தேர்வுக்கு அவளைத் தயார்செய்ய முடியும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். ஒரு தடவைதான் என்று பேசியது பேச்சு என்றார். தன் முதுகு இன்னும் எத்தனை நாளைக்கு மில் வாசலில் உட்காரும் என்று தெரியவில்லை, அதற்குள் அவளை ஒரு இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்றார். மகளை அன்றைக்கு மணலோடு பார்த்தது கண்ணைவிட்டுப் போகவில்லை, இன்னொரு தடவை அந்த வாசலில் தன்னால் நிற்க முடியாது என்றார். இதை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்றேன். எழுந்துவிட்டார்.

"கல்யாணத்துக்கு எதுக்கு மேடம் ஓடணும்? நடந்தா போதும்ல."

இறங்கும்போது

குணமானவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள், அவர்கள் வராமல் போவதுதான் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே பாராட்டு. கார்த்திகை மாதம் ஒரு காலையில் மாரீஸ்வரியை அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடக்கச் சொல்லிவிட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நொண்டுகிறவர்களுடைய காலடியில் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் விழும். இது ஒரே சீராக விழுந்தது. முறிந்த கால் எது என்று சத்தத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நின்றாள். மண் தரையில், கொஞ்சத் தூரம், மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்றேன். தலையாட்டினாள். எங்கே ஓடுவாள், யாருக்குத் தெரியாமல் ஓடுவாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வாரேன்க்கா என்றாள். வர வேண்டிய தேவை இல்லை. சரி என்றேன்.

கீழே அப்பாவின் வண்டி ஹார்ன் அடித்தது. அவள் கம்பியைத் தொடாமல் இறங்கினாள். படிகள் திரும்புகிற இடத்திலிருந்து தெரு தெரியும். அங்கே வந்ததும் கம்பியைப் பிடித்தாள். முறிந்த காலை முதலில் கீழ்ப்படியில் வைத்து, நல்ல காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒரு மூச்சு நின்று, மறுபடியும் முறிந்த காலை இறக்கினாள். கட்டுப் பிரித்த வாரம் நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே, ஒரு பிசகும் இல்லாமல். அப்பா கீழேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படிக்கு அவள் வருவதற்குள் வண்டியை நிறுத்தி இறங்கி, நான் இத்தனை மாதமாகச் சொல்லியும் முட்டியை மடக்காமல் முதுகை வளைத்துக் குனிந்து, பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற கம்பியை அவளுக்காக விரித்துவிட்டார்.