மத்தியானப் பை

ஐந்தருவிச் சாலையோரத்தில் மங்குஸ்தான் பழங்களைக் கூறு வைத்துக்கொண்டிருந்தபோது காளீஸ்வரிக்குப் போன் வந்தது. அச்சன்புதூரில் அடுத்த வீட்டுச் சொக்கம்மாள்.

"ஏட்டி, காப்பீட்டுல இருந்து ஒரு நர்சம்மா வந்திருக்காவ. வீடு பூட்டிக் கெடக்குன்னு எழுதப் போறதாச் சொல்லுதாவ."

"இருக்கச் சொல்லுக்கா. இந்தா வாரேன்."

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு மூன்று வருடம். முதலில் வாரத்தில் மூன்று நாள் தென்காசியில் டயாலிசிஸ். அந்த நாட்களில் கடை கிடையாது. பிறகு வயிற்றில் குழாய் வைத்தார்கள். மருந்துநீர்ப் பைகள் அரசுக் காப்பீட்டில் வீடு தேடி வந்தன. தினமும் நான்கு முறை அவளே பழைய நீரை வடித்துப் புதியதை ஏற்றிக்கொண்டாள். அருவி சீசனில் மட்டும் மத்தியானப் பையைக் கடைக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் அறையில் மாற்றினாள். காப்பீட்டுக் காகிதத்திலோ நான்கும் 'வீட்டில்' என்றுதான் இருந்தது.

சாரலில் கார்கள் நகரவே இல்லை. ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பையை நிறுத்திவிட்டால் மறுபடி தென்காசிதான்.

நர்ஸ் பெர்சிஸ் வாசலில் காத்திருந்தார்.

"பகல்ல வீட்ல ஆள் இல்லேங்காவ. மத்தியானப் பை எங்க போகுது? வெளிய விக்கீங்களா?"

அத்தை வீட்டில் மாற்றுவதாகச் சொல்லிவிடலாமா என நினைத்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கடைக்குப் பின்னால ஒரு ரூம்ல மாத்துதேன் சிஸ்டர். சுத்தமாத்தான் வச்சிருக்கேன்."

"இப்ப என் முன்னால மாத்துங்க."

கை கழுவி, முகக்கவசம் கட்டி, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினாள். புதுப் பையின் மூடியைக் கழற்றிய நொடியில் கை தவறி, அதன் குழாய்முனை சேலையில் உரசியது. பெர்சிஸ் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. எண்ணிக் கொடுத்த பைகள். ஒன்று குறைந்தாலும் சந்தேகம் வலுக்கும். ஆனால் கிருமி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

பையை ஒதுக்கி வைத்தாள். "இது சேலையில பட்டுட்டு சிஸ்டர். வேற எடுக்கேன்."

பெர்சிஸ் நிமிர்ந்து பார்த்தார். காளீஸ்வரி வேறு பையை எடுத்து மாற்றி முடித்தாள். வடிந்த நீர் கிருமியால் கலங்காமல் இருக்கிறதா என்று பெர்சிஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுதினார்.

"அந்த ரூம நாளைக்கு நான் பாக்கணும்."

மறுநாள் லாட்ஜ் அறைக்கு வந்து, தூசி சேரும் என்று ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றச் சொன்னார். அந்த விலாசத்தையும் படிவத்தில் சேர்த்துக்கொண்டார். மேலே ஒப்புக்கொள்வார்களா என்பது தனக்குத் தெரியாது என்றார்.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி பைகள் எண்ணிக்கை குறையாமல் வந்து இறங்கின. அதுவரை காளீஸ்வரி சரியாகத் தூங்கவில்லை.