கண்ணாடியைக் கழட்டினால் ஆள் காலி

சினிமாவிலும் சீரியலிலும் எங்களைப் போன்ற சில்லறை வேஷக்காரர்கள் இரண்டே வகைதான்: கதையில் சாகிறவர்கள், செத்துவிட்டார் என்று வந்து சொல்கிறவர்கள். நான் இரண்டாவது வகை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், ஆபரேஷன் தியேட்டர் கதவு, "ஐ ஆம் சாரி." அவ்வளவுதான் என் கலை வாழ்க்கை.

ஒரு வரி பேசுவதற்காக ஊரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறி, காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுச் சாவைச் சொல்லிவிட்டு வந்த நான், போன வருஷம் என் வீட்டுக்காரரை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு, அதே கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். எழுதுகிற தோரணையைப் பார்த்தே பாதி ஊகித்திருப்பீர்கள். மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது, உங்களுக்காவது இருக்கட்டும்.

ராஜா வேஷம்

கான்வென்டில் படிக்கும்போதே நான் உயரம், தொண்டையும் பெரிசு. அதனால் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு ஒரு தடவையாவது மாதா வேஷம் தந்தார்களா என்றால், இல்லை. பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ராஜா வேஷம்தான். கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். இங்கே கோயிலில் என்னைப் பார்த்த ஃபாதரும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அதே கிரீடத்தை என் தலையில் வைத்தார்.

ஒரு வருஷம் நான் வாளை உருவி, "ஒரு குழந்தையும் மிஞ்சக் கூடாது" என்று முழங்கியதும் முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. நாடகம் நின்றுபோனது. மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே அதன் அம்மா மேடையைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, கொஞ்சம் மெதுவா கொல்லச் சொல்லுங்க. இப்பதான் தூங்க வெச்சேன்."

டாக்டர் பட்டம் வாங்கிய கதை

எங்கள் ஊரில் ஒரு நர்ஸிங் ஹோமை வாடகைக்கு எடுத்து சீரியல் ஷூட்டிங் நடந்தது. எனக்கு அன்றைக்குச் சர்க்கரை டெஸ்ட். வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறேன், வழியெல்லாம் வயரும் லைட்டும். டாக்டராக நடிக்க வந்த பெண்ணுக்கு "மல்டிபிள் ஆர்கன் ஃபெயிலியர்" வாயில் நுழையவில்லை. ஆர்கானிக் என்கிறாள், ஆரஞ்சு என்கிறாள். டைரக்டர் மறுபடி, மறுபடி என்கிறார். எனக்குப் பசியில் கண்ணை இருட்டுகிறது. வரிசையில் நின்றபடியே அந்த மூன்று வார்த்தையையும் கான்வென்ட் உச்சரிப்பில் ஒரு கத்து கத்தினேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். திட்டவில்லை. அந்தப் பெண்ணின் கோட்டைக் கழட்டி எனக்கு மாட்டினார்கள். உதவி டைரக்டர் பையன் பயந்து பயந்து கிட்டே வந்தான்: "மேடம், அதே கோவத்தோட சொல்லுங்க. ஆனா ஆள் செத்துட்டாருங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

கண்ணாடி இலக்கணம்

இந்தத் தொழிலில் டாக்டருக்கு ஒரே ஒரு இலக்கணம். கதவைத் திறந்துகொண்டு கண்ணாடியோடு வந்தால் பேஷண்ட் பிழைத்தார். வந்து நின்று, மெதுவாகக் கண்ணாடியைக் கழட்டினால் ஆள் காலி. வசனமே தேவையில்லை. கழட்டின உடனே பின்னாலிருந்து அழுகையை ஆரம்பித்துவிடுவார்கள்.

மற்ற நடிகைகளுக்கு அது வெறும் கண்ணாடி. எனக்கு நிஜக் கண்ணாடி. அதைக் கழட்டினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஒரு நாள் கழட்டினேன், நாலடி நடந்தேன், தோளில் கை வைத்தேன், "தைரியமா இருங்கம்மா, உங்க கணவர் இனி வரமாட்டார்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். தோள் கொஞ்சம் அகலமாக இருக்கிறதே என்று யோசிப்பதற்குள் அந்தத் தோள் பேசியது: "மேடம், நான் லைட்மேன். புருஷன் செத்தவங்க அந்தாண்ட நிக்கறாங்க."

ஊர் மரியாதை

ஒரு படத்திலும் தலை காட்டினேன். அதே கோட்டு, அதே கதவு. குடும்பத்தோடு தியேட்டரில் பார்க்கப் போனோம். ஹீரோவின் அப்பாவை உள்ளே கொண்டுபோகிறார்கள், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். கதவு திறக்கிறது, நான் வருகிறேன். கண்ணாடியில் இன்னும் கைகூட வைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நம்ம ஊரு அம்மா வந்துட்டாங்கடா, கெழவன் அவுட்டு."

நலம் விசாரிப்பு

என் சிநேகிதி செல்வி சேவூர்க்காரி. தறி வீடு. அவள் புருஷனுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் செல்வியின் மாமியாரும் நாத்தனார்களும் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் நான் வருவதைப் பார்த்தார்கள். நல்ல வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்வை. துடைக்கலாம் என்று கண்ணாடியைக் கழட்டினேன்.

அந்த மாமியார் வைத்த ஓலத்தில் மாடியிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். உள்ளே பேஷண்ட் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாருக்கு என்னவோ என்று கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். செல்வி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். ஆப்பிளை மட்டும் வாங்கிக்கொண்டாள். "பேஜார் பண்ணாதக்கா. அவரு நல்லாத்தான் இருக்காரு. இனிமே இந்த மாதிரின்னா நீ ஃபோன்லயே விசாரிச்சுக்க."

இன்னிக்கு யாரு?

என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். மயிலுக்குத் தோகை எத்தனை, மாங்காய்க்கு வளைவு எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதற்கும் பதறாத மனுஷன். நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட அவர் பேசமாட்டார். ஷூட்டிங் முடிந்து, பஸ்ஸில் இடுப்பு ஒடிந்து, எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைவேன். சோறு வடித்து, ரசம் வைத்து மூடியிருப்பார். கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே, "இன்னிக்கு யாரு?" என்பார்.

"ஹீரோயினோட மாமனார்."

அவர் மௌஸிலிருந்து கையை எடுப்பார். நாள் தவறாமல் சீரியல் பார்க்கிறவர், அதனால் நிஜமாகவே வருத்தப்படுகிறாரா, என்னைக் கிண்டல் செய்கிறாரா என்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் சொல்வார்: "நல்ல மனுஷன். போ, கை கால் கழுவிட்டு வந்து சாப்பிடு."

ஒரே ஒரு உயிர்

ஒரு தடவை எனக்கே பொறுக்காமல் டைரக்டரிடம் சண்டைக்குப் போனேன். "வருஷக்கணக்கா கொன்னுகினே இருக்கேன், ஒரே ஒரு ஆளை நான் காப்பாத்தக் கூடாதா? எங்க வீட்டுக்காரர் தினம் கேக்கறாரு, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றேன். அவரும் இரக்கப்பட்டு, கதாநாயகியின் தங்கச்சி பிழைத்துவிட்டதாக ஒரு காட்சி எடுத்தார். கண்ணாடியைக் கழட்டாமல் கம்பீரமாக வந்து, "ஷி இஸ் அவுட் ஆஃப் டேஞ்சர்" என்றேன். வீட்டுக்கு வந்து ஜேம்ஸிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அந்தக் காட்சி வரவேயில்லை. அந்த வாரம் டிவியில் வேறு எதிலிருந்தோ வெட்டிய என் பழைய முகம் வந்தது, கண்ணாடியைக் கழட்டியது, தங்கச்சி படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. ஏன் இப்படி என்று ஃபோன் போட்டுக் கத்தினேன். டைரக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க வெளிய வந்தாலே ஜனங்க கர்ச்சீப்பைக் கையில எடுத்துடறாங்க. அப்புறம் பொழைச்சிட்டாங்கன்னா அவங்கள ஏமாத்தின மாதிரி ஆயிடும்."

தள்ளி உட்காருங்கள்

போன வருஷம் ஜேம்ஸ், டிசைன் கொடுக்கப் போன பட்டுக் கடையில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டார். ரத்தக்குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் கூடவே நடந்தேன். ஜெபமாலையை அவர் கையில் வைக்கப் போனேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "நான் கண்ணு முழிக்கும்போது நீ கண்ணாடியைக் கழட்டிகினு நிக்கக் கூடாது, ஸ்டெல்லா. தெரியுதா?" என்றார். சரி என்று தலையாட்டினேன். கதவு மூடியது. எத்தனையோ தடவை நான் திறந்துகொண்டு வந்த மாதிரி கதவுதான். இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெஞ்சில் எங்களைப் போல நாலைந்து குடும்பம். நான் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு குசுகுசுத்தார்கள். பக்கத்தில் தெள்ளாரிலிருந்து வந்த ஒரு அம்மா, என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கலாம், பையை மடியில் இறுக்கிக்கொண்டு எட்டிக் கேட்டாள்: "நீங்க அந்த டிவி டாக்டரம்மாதானே?" ஆமாம் என்றேன். மற்ற நாளாக இருந்தால் ஒரு செல்ஃபி கேட்பாள், நானும் சலித்துக்கொண்டே நிற்பேன். அவள் எழுந்து கை கூப்பினாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. அந்தக் கோடி பெஞ்சுல போய் உக்காருங்களேன். உள்ள எங்க அண்ணன் இருக்காரு."

நிஜ டாக்டர்

போய் உட்கார்ந்தேன். வாயாடி என்று பேர் வாங்கிய நான் சண்டைக்கு நிற்காமல் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். அவள் சொன்னதில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டதுதான் காரணம். இத்தனை பேரைக் கொன்றவள் வாசலில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவருக்கு ஆகுமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதே மனசு, முட்டாள் மாதிரி யோசிக்காதே என்று இங்கிலீஷில் திட்டியது. இரண்டும் நான்தான்.

மத்தியானம் கதவு திறந்தது. பெரிய டாக்டர் வந்தார். "ஜேம்ஸ் அட்டெண்டர் யாரு?" என்றார். எழுந்தேன். அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழட்டினார்.

என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம். சுவரைப் பிடிக்கக் கை நீட்டினேன், சுவர் கிடைக்கவில்லை. தெள்ளார் அம்மா ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் சீரியல் பார்க்கிறவள். அவளுக்கும் அர்த்தம் தெரியும். டாக்டர் எதுவும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி, கோட்டு நுனியில் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "மாஸ்க் போட்டா கண்ணாடியில ஆவி படிஞ்சிடுதுங்க, ஒண்ணும் தெரியமாட்டேங்குது. உங்க ஹஸ்பண்ட் நல்லா இருக்கார். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் உள்ளே போனதும் தெள்ளார் அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து தன் பக்கத்தில் வைத்தாள். கோடி பெஞ்சுக்குப் போகத் திரும்பிய என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கயே உக்காருங்கக்கா. எங்க அண்ணன் வெளிய வர்ற வரைக்கும் எழுந்து போவாதீங்க."

கடைசிக் காட்சி

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். எனக்கும் முகக்கவசம், தலைக்குத் தொப்பி. தெள்ளார்க்காரியின் அண்ணன் இரண்டு கட்டில் தள்ளிப் படுத்துக்கொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸிடம் தகராறு செய்துகொண்டிருந்தார். ஜேம்ஸ் கண்ணை மூடிக்கிடந்தார். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மார்பு ஏறி இறங்குவதை இவ்வளவு நேரம் காட்டினால் எந்த டைரக்டரும் வெட்டிவிடுவார்.

கண்ணீர் ஒரு பக்கம், முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் மூச்சு ஒரு பக்கம், என் கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொண்டது. ஜேம்ஸும் இல்லை, கட்டிலும் இல்லை, எல்லாம் வெள்ளை. நர்ஸ், "கழட்டித் தொடைச்சுக்குங்க மேடம்" என்றாள். மாட்டேன் என்றேன். "ஒண்ணும் தெரியலையே உங்களுக்கு" என்றாள். தெரியாவிட்டால் பரவாயில்லை, அவர் கழட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அந்த வெள்ளைக்குள் எங்கிருந்தோ ஒரு கை வந்து என் விரலைப் பிடித்தது. தொண்டை கரகரத்து, காற்று மாதிரி ஒரு குரல் வந்தது: "கழட்டித் தொடைச்சுக்க, ஸ்டெல்லா. நான் இருக்கேன்."

ஆக, சக நடிகர்களே, இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த பேஷண்டுகளில் பிழைத்தவர் ஒரே ஒருவர்தான், அதுவும் அவரைப் பார்த்தது வேறு டாக்டர் என்பதால்.