கேன்டீன் அக்காவும் ஒரு பருந்துக் குஞ்சும்

கூண்டின் முன்பக்கம் முழுக்க ஒரு பச்சைத் திரை தொங்கும். அதன் நடுவே ஒரு கை மட்டும் நுழையும்படி கிழித்து, ஓரம் தைத்திருப்பார்கள். கோழிக்கறித் துண்டை இடுக்கியில் பிடித்து அந்த வழியாக உள்ளே நீட்ட வேண்டும். ஊட்டுகிறவரின் முகம் தெரியக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. சாப்பாடு மனிதர்களிடமிருந்துதான் வருகிறது என்று குஞ்சுக்குத் தெரிந்துவிட்டால், வளர்ந்த பிறகு போகிற வருகிறவர்களிடமெல்லாம் இறங்கி வரும். யாராவது கல்லால் அடிப்பார்கள், இல்லையென்றால் காலில் கயிறு கட்டி வைத்துக்கொள்வார்கள். ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் பறவைக் காப்பகத்தில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். எளிய விதிதான். யாராலும் கடைப்பிடிக்க முடியும், எங்கள் கேன்டீன் அக்காவைத் தவிர.

தெலுங்கு பேசும் ஊரான பட்டான்செருவில் நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியின் கேன்டீனை அவர்தான் நடத்தினார். தாத்தா காலத்தில் மெட்ராஸ் பக்கமிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து, காலனியிலேயே தங்கிவிட்ட குடும்பம். அக்காவின் தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும்; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்பார், 'வேண்டாம்', 'கூடாது' என்பதற்கெல்லாம் 'நக்கோ'. தட்டை நீட்டுகிற ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. "கைக்கு இவ்ளோ கம்மியா வாங்கறே? நக்கோ நக்கோ, இன்னொரு கரண்டி வச்சிக்கோ" என்று ஊற்றிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். நான் திருநெல்வேலிக்காரி, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அதிகாரி. மாத்திரையில் ஒரு கீறல் இருந்தாலும் எழுதி வைத்துவிடுகிற ஆள் என்று எனக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு.

ஒரு கோடையில், காற்றடித்து, தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த கூட்டிலிருந்து ஒரு பருந்துக் குஞ்சு கீழே விழுந்தது. அக்கா அதைக் காய்கறிக் கூடையில் வைத்து மூடினார். துணைக்கு நானும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். காப்பகத்தில் ஆள் பற்றாக்குறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் வந்து ஊட்டுவதாக அக்கா ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போய்ப் பதிவேடு எழுதுவதாக நானும் சொல்லிவிட்டேன். கம்பெனியில் நான் அவருக்கு மேடம். ஆட்டோவை விட்டு இறங்கியதுமே, "இங்க மேடம் கீடம்லாம் இல்ல, வாளியத் தூக்கு" என்றார்.

முதல் ஞாயிறே திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "சாப்புடு கண்ணு. கைக்கு மொறைக்கறே? நான் இன்னா உன்ன திட்டனேனா? இன்னும் ரெண்டே துண்டு." கிசுகிசுப்பாகத்தான் சொன்னார், ஆனால் நிறுத்தவில்லை. பதிவேட்டில் 'ஊட்டும்போது பேச்சு இருந்ததா' என்று ஒரு கட்டம் உண்டு. நான் 'இல்லை' என்று எழுதினேன். இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. குகட்பள்ளியில் எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்டால் என் மகள் தெலுங்கில் பதில் சொல்வாள். கணவர் போனில் இருப்பார். சாப்பிடு கண்ணு என்று யாராவது யாரையாவது தமிழில் கெஞ்சி நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, எனக்கே ஊட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறு ஞாயிறும் 'இல்லை' என்றே எழுதினேன்.

சிறகு முற்றியதும் கூண்டைத் திறந்துவிட்டார்கள். பருந்து பறந்துபோய் வேப்பமரத்தில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து கேட்டைத் தாண்டி வந்த அக்கா, "அடேங்கப்பா, ஏறிட்டியா கண்ணு!" என்றார். அவ்வளவுதான். பருந்து நேராக இறங்கி வந்து அவர் கையிலிருந்த வாளியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுக்கு வாயைத் திறந்தது. அக்கா சிரித்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, மேடம் இல்லாத நாட்களில் மட்டும் தான் பேசியதாகத் தெலுங்கில் சொல்லிவிட்டார். நானும் திருத்தாமல் பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது, "உன் கையெழுத்துக்கு ஒரு மரியாத கீதுல்ல, அது கெட நக்கோ. அத வுடு. பாவம், அந்தக் குஞ்சு வாழ்க்கைய கெடுத்துட்டேனே நான்" என்று அழ ஆரம்பித்தார். அடுத்த ஞாயிறு நான் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஆறு 'இல்லை'யையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் ஒரே ஒரு முறை திறந்து பார்ப்போம், மறுபடியும் ஆளைத் தேடி வந்தால் ஆயுசுக்கும் கூண்டுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பருந்தைப் பெரிய கூண்டுக்கு மாற்றி, மற்றப் பருந்துகளோடு விட்டார்கள். அக்கா அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து கறி வெட்டுவார், வாளி கழுவுவார். வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், கேட்டைத் தாண்டும்போதே ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வார். நான்கு மாதம் அப்படித்தான் போயிற்று.

அக்கா இப்போது மகனோடு புனேயில் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்வது இப்போது என் வேலை. பறவையிடம் ரெண்டு வார்த்தை பேசினால் என்ன ஆகிவிடும், அன்புதானே என்று யாராவது கேட்டால், இரண்டாம் முறை கூண்டைத் திறந்த அந்தக் காலையைத்தான் சொல்வேன்.

நாங்கள் எல்லோரும் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். பருந்து வெளியே வந்தது, மேலே ஏறியது, ஏரிக்கு மேல் வட்டமிட்ட மற்றப் பருந்துகளோடு சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தனியாகப் பிரிந்து எங்கள் தலைக்கு மேல் தாழ வந்து, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கீழே தேடியது. அக்காவுக்குத்தான் அடக்க முடியாது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அது தேடுவதைப் பார்த்ததும் எனக்குத்தான் 'கண்ணு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாய் திறந்த அதே நொடியில் அக்காவின் கை என் வாயைப் பொத்தியது. அவ்வளவு அழுத்தமாக என்னை யாரும் பிடித்ததில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. பருந்து இரண்டு வட்டம் சுற்றியது. அப்புறம் மேலே போயிற்று. எது எங்களுடையது என்று தெரியாமல் போன பிறகும் அக்கா கையை எடுக்கவில்லை.