வீரம்மாவின் வெண்டைக்காய்க் குழம்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் ஒருவர் "ஊசிப்போச்சு" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் இலையை மடித்து எழுந்துவிட வேண்டும். முகர்ந்து பார்ப்பது, ருசி பார்ப்பது எதுவும் கிடையாது. வாந்திபேதி ஒரே வாரத்தில் பதினொரு பேரைக் கொண்டுபோன வருஷம் உண்டான வழக்கம். அதை வைத்து யாரும் விளையாடியதில்லை, கன்னையா மண்டோர் விளையாடும்வரை.

வீரம்மா கணவனை இழந்தவள். தண்டவாள வேலைக்குப் போகும் தனிக்கட்டைகள் இருபது பேருக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்தாள். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் கன்னையாவும் அங்கேதான் சாப்பிட்டார். தன்னோடு வந்து இருக்கும்படி இரண்டு முறை அவளைக் கேட்டார், இரண்டாம் முறை பந்தியில் வைத்தே.

"எனக்கு அடுப்பு இருக்கு. போயிட்டு வாங்கண்ணே."

"அண்ணேங்காத."

"வேற எப்படிக் கூப்பிடறது, மண்டோரண்ணே?"

பந்தியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் வெண்டைக்காய்க் குழம்பு. பாதிச் சாப்பாட்டில் கன்னையா சோற்றில் விரலை வைத்து மெதுவாகத் தூக்கினார். விரலுக்கும் இலைக்கும் நடுவே வழவழவென்று நூல் இழுத்தது. கெட்டுப்போன பண்டமும் அப்படித்தான் நூல் விடும்.

"ஊசிப்போச்சு" என்றார்.

"அது வெண்டைக்காண்ணே. வதக்குனது போதல. காலையில பறிச்ச காய்."

"நூலு விடுது. என் கண்ணு பொய்யா?"

இரண்டாம் தடவை குழம்பு கேட்டுக்கொண்டிருந்த சபாபதியிடம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி. நல்லாருக்குன்னு இப்பதான சொன்ன?"

சபாபதி மண்டோரைப் பார்த்தான். இலையை மடித்தான். மற்றப் பத்தொன்பது இலைகளும் மடிந்தன.

வீரம்மா குழம்புச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாள். முதலில் சோற்றோடு, பிறகு வெறும் குழம்பை அள்ளி அள்ளி. யாரும் தடுக்கவில்லை. எதிர் வீட்டு வாசலில் நின்ற நானும்தான். இருபது பேருக்கு வைத்ததில் மிச்சக் குழம்பை ஒரு வயிறு தாங்குமா? சாயங்காலம் வாந்தி எடுத்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் கன்னையா.

அதன்பின் பந்திக்கு ஒருவரும் வரவில்லை. பாசாரில் காய்க்காரன்கூட, "ஊசுன குழம்பு வருது" என்றான். ஏழாம் வாரம் அவள் துணி மூட்டையோடு கன்னையா வீட்டுக்குப் போனாள்.

ஆறு வருஷம் ரங்கூன், கொழும்பு என்று சுற்றிவிட்டு வந்த நான், சென்ற மாதம் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். வெண்டைக்காய்க் குழம்பு. கன்னையா விரலில் தொங்கிய நூலை நக்கிக்கொண்டார்.

"இவ கைக்கு ஈடு கிடையாது, தெரியுமா?" என்றார் என்னிடம். "வீரம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் சட்டியைக் கொண்டுவந்து ஊற்றினாள்.