ராத்திரி சாதம் கிடையாது, பலகாரம்தான்!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உடற்பயிற்சி கிளப்பின் வருஷாந்தரக் காட்சியில் நான் கைதட்டிய வேகத்தில் என் மோதிரம் கழன்று, முன் வரிசை வக்கீலின் மடியில் போய் விழுந்தது.

அது பெரிசில்லை. ஒரு மாதமாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்தேனே... அதுதான் பெரிசு! வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் வாயில் எது தங்கியிருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன்.

வலியசாலைத் தெருவில் ராமசேஷய்யர் என்று ஒருவர். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. முப்பத்தெட்டு வயது. காலையில் ஐந்து மணிக்கெல்லாம் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு என் அரிசிக் கடை வழியாகத்தான் கிளப்புக்குப் போவார். இரும்புக் குண்டு, பார்பெல், தண்டால், பஸ்கி... குமாஸ்தாவுக்கு இது தேவையா என்று சிரிக்காத ஆள் சாலைக் கடைத்தெருவில் இல்லை. நான் சிரித்ததில்லை. மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவனுக்குத் தோளின் அருமை தெரியும்.

போன வருஷக் காட்சியில் அவர் நூற்றறுபது ராத்தல் பார்பெல்லைத் தோள் வரைக்கும் கொண்டு வந்தார். தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் ஒருத்தன், “தயிர்சாதப் பயில்வான்!” என்றான். அந்தப் பெயர் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது. பைல் கொண்டு வருகிற பியூன்கூட வாய்க்குள் சிரிக்கிறானாம்.

இந்த வருஷம் விடக் கூடாது என்று இருந்தார். அதற்குள் டிரான்ஸ்பர் உத்தரவு! கிழக்கே ஏதோ மலையோரத் தாலுகா. அங்கே கிளப்பும் கிடையாது, பார்பெல்லும் கிடையாது. இந்த வருஷம் தூக்கினால் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பெயரோடுதான் ஊரை விட்டுப் போக வேண்டும்.

இப்படி இருக்கையில், இரண்டு மாதம் முன்னால் பார்க்கிறேன்... மனுஷர் காய்ந்து போயிருக்கிறார்.

“என்ன சாமி, சட்டை பெரிசாயிட்டு?” என்றேன்.

“சட்டை அப்படியேதான் இருக்கு பிள்ளைவாள்” என்றார்.

விசாரித்தால், ஒரு சீமைப் புஸ்தகம்! தேகப் பயிற்சி செய்கிறவன் ராத்திரியில் அரிசிச் சாதம் தொடக் கூடாது, தூக்கத்தில் அது கொழுப்பாகிவிடும் என்று போட்டிருக்கிறதாம். ஐயர் ஒரு டம்ளர் பாலோடு படுத்துக்கொள்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! “ஓய் சாமி, பதினோரு வயசுல இந்தத் தெருவுக்கு மூட்டை தூக்க வந்தவன் நான். ராத்திரி ஒரு சட்டிச் சோறு உள்ளே போகாம நான் படுத்ததே கிடையாது. மறுநாள் ரெண்டு பேர் தூக்குற மூட்டையை ஒத்தையில தூக்குவேன். அந்தப் புஸ்தகம் எழுதினவன் எத்தனை மூட்டை தூக்கியிருக்கான், கேட்டுச் சொல்லும்!”

“அவன் போட்டோ இருக்கு பிள்ளைவாள். புஜத்தைப் பார்த்தா நீங்களே நம்புவேள்” என்றார். அச்சில் வந்தது பொய் சொல்லாது என்று நினைக்கிறவர். படித்தவர்களின் கஷ்டம் அது. நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

என் டாக்டர்கூட என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ராத்திரி சோற்றை விடும்” என்றார். விட்டேன்... டாக்டரை!

சரி, ஐயர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அரிசிக் கடைக்காரனுக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதை, அவர்கள் வாங்குகிற சாமானைப் பார்த்தே சொல்லிவிடுவான். கொஞ்ச நாளில் ஐயர் வீட்டுக்கு சாத அரிசி குறைந்தது. இட்லி அரிசி இரண்டு மடங்கானது! உளுந்தும் கூடிற்று. வெல்லமும் கூடிற்று. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

சாமான் வாங்க வருவது ஐயரின் சம்சாரம் விசாலத்தம்மாள். அரிசியை இரண்டு மணி பல்லில் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். என் கடையில் நான் பயப்படுகிற ஒரே ஆள்.

“வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களாம்மா?” என்றேன்.

“யாரும் இல்லையே. அவருக்குத்தான். ராத்திரி சாதம் தொடறதில்லை கேட்டேளா. பலகாரமாக்கும்!”

“என்ன பலகாரம்?”

“ஏழு தோசை. அடைன்னா அஞ்சு, வெல்லத்தோட. உப்புமான்னா ஒரு உருளி நிறைய.”

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. புளியை முகர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பொறி தட்டியது. ஐயர் இருக்கிற அந்த அக்ரகாரத் தெருவில் விரத நாளில் ‘இன்னிக்குச் சாப்பாடு இல்லை, பலகாரம்’ என்பார்கள். சாதம் இலையில் விழாது. எட்டு இட்லி விழும்! அது விரதம்தான். அந்தக் கணக்கில், சீமைப் புஸ்தகத்தின் கட்டளையையும் இந்த அம்மாள் ஒரு விரதமாக்கிவிட்டார்!

என்ன மூளை! புருஷனோடு சண்டை இல்லை, அழுகை இல்லை, புஸ்தகத்தை அடுப்பில் போடவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தையை மாற்றினார்; மனுஷர் வயிறு நிறைந்துவிட்டது. நான் நாலு கதவுக் கடை வைத்த சாமர்த்தியசாலிதான். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இது தோன்றியிருக்காது.

அப்போதே முடிவு செய்தேன். வாயைத் திறக்கக் கூடாது. ஐயர் புஸ்தகத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷர். தோசையும் அரிசிதான் என்று யாராவது ஞாபகப்படுத்தினால் மறுபடி பால் டம்ளரோடு படுத்துவிடுவார். பார்பெல்லுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

சோதனையாக, ஒரு நாள் கிளப்புக்குப் போயிருந்தேன். ஐயருக்குத் தோள் திரும்பி வந்திருந்தது. புஜம் புடைத்து நின்றது. கிளப்பில் பயிற்சி கொடுக்கிற ஆசான் அதைத் தட்டிப் பார்த்து, “ராத்திரி எந்தா ஆகாரம், சுவாமீ?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“ரைஸே கிடையாது ஆசானே. லைட்டா பலகாரம்.”

லைட்டாக! ஏழு தோசை! என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாலு வெற்றிலையை மொத்தமாக வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகை நிறைந்திருந்தது. ஐயர் மேடை ஏறியதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “சுவாமீ, இது பப்படமல்ல, இரும்பாக்கும்!” ஒரே சிரிப்பு. ஐயர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தார். தோளுக்குக் கொண்டு வந்தார். போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றது பார்பெல். பெண்கள் பக்கத்தில் விசாலத்தம்மாள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். 

பிறகு... ஏறிற்று! தலைக்கு மேலே, கை நிமிர்ந்து, ஆசான் மூன்று எண்ணுகிற வரைக்கும்! இந்த இடத்தில்தான் என் மோதிரம் பறந்தது.

பப்படம் என்றவன்தான் முதலில் மேடை ஏறி ஐயரைத் தோளில் தூக்கினான். ஐயர் மூச்சு வாங்கிக்கொண்டே, “ராத்திரி சாதத்தை விட்டதுதான் காரணம்!” என்று பிரசங்கம் வேறு செய்தார். நான் மறுபடி வெற்றிலையைத் தேடினேன்.

மறுநாள் சாயங்காலம், ஒரு தார் பழத்தோடு பாராட்டப் போனேன். இனிமேல் என்ன பயம்? ரகசியத்தைப் போட்டு உடைத்து, அம்மாளின் கெட்டிக்காரத்தனத்தை அவர் எதிரிலேயே புகழ்ந்துவிடுவது என்று எண்ணம்.

போய்ப் பார்த்தால்... பின்கட்டில் ஆட்டுக்கல்லின் முன் ஐயர்! முழங்கை வரைக்கும் மாவு. இடது கையால் ஐம்பது சுற்று, வலது கையால் ஐம்பது சுற்று.

“என்ன சாமி இது?”

“முன்னங்கைக்கு எக்ஸர்ஸைஸ். இதைப்போல வேற கிடையாது பிள்ளைவாள். ஒண்ணரை மாசமா நான்தான் அரைக்கறேன்.”

“ஒண்ணரை மாசமாவா? அரைக்கிறது என்னன்னு தெரியுமா உமக்கு?”

“அரிசியும் உளுந்தும். ஏன்?”

“ராத்திரி அரிசி ஆகாதுன்னு உம்ம புஸ்தகம்...”

“சாதம்னுதான் போட்டிருக்கான். தோசைன்னு போடலையே!” விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, குழவியை இடது கைக்கு மாற்றினார்.

அடுப்பங்கரையிலிருந்து விசாலத்தம்மாள் குரல் வந்தது: “பிள்ளைவாளுக்கு ரெண்டு அடை போடட்டுமா?”

ஒரு மாதம் வாயைக் கட்டியதற்குக் கூலி வேண்டாமா? நாலாகப் போடச் சொன்னேன்.

டாக்டருக்கும் ஆள் அனுப்பிவிட்டேன்: நேற்றிலிருந்து எனக்கு ராத்திரி சோறு கிடையாது!